பன்னிரண்டு நிமிடம் பாடிச் சாகிறவள்

சென்னை
6.1.2025

அன்புள்ள தஹ்மி,

டிசம்பர் முழுக்க உன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். மணி போகிறது, நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. சரி, தபால்காரரை நீ பிளாக் செய்ய முடியாது என்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டேகால் வருடமாக நீ என்னோடு பேசவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மயிலாடுதுறை ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாம். நீ பாட்டு எழுதுவாய், நான் அதை ஹாஸ்டல் டேக்கு மேடையேற்றுவேன், வார்டன் திட்டுவார். உன்னோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். பேசாமல் போனது இதுதான் முதல் தடவை. திட்டுவதாக இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது காரியம். என் முதல் படம் ஓடியது, இரண்டாவது ஒரு வாரம்கூட ஓடவில்லை. மூன்றாவதும் போனால் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். தயாரிப்பாளர் அரவிந்தன் ஒரு கதைக்குத் தலையாட்டியிருக்கிறார். நூற்றைம்பது வருடம் பழைய இத்தாலிய ஓப்பரா ஒன்று. ஓப்பரா என்றால் பேச்சே கிடையாது, முதலிலிருந்து கடைசி வரை பாட்டுத்தான். அதைக் கூத்தாநல்லூரில் நடக்கிற தமிழ்ப் படமாக மாற்றப்போகிறேன். மார்ச் கடைசிக்குள் எல்லாப் பாட்டோடும் முழு ஸ்கிரிப்ட் கொடுத்தால் படம் உண்டு. இல்லையென்றால் அவர் தேதிகளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்.

கதை இதுதான். துறைமுக ஊரில் ஒரெல்லா என்று ஒரு தையல்காரி. அவளுடைய காதலன் கப்பலில் வேலை செய்கிறவன். சண்டை போட்டுக்கொண்டு பிரிகிறார்கள். போகும்போது அவன் சொல்கிறான்: "இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் உன் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பேன். கோபம் ஆறியிருந்தால் நம் பாட்டைப் பாடு. ஜன்னல் மௌனமாக இருந்தால் திரும்பிப் போய்விடுவேன்." சொன்னபடி வருகிறான். ஆனால் அதற்குள் அவளுக்கு நெஞ்சு நோய் வந்து குரல் போய்விட்டது. அவன் நிற்பதைப் பார்க்கிறாள், கூப்பிட முடியவில்லை. அவன் போய்விடுகிறான். அவள் பன்னிரண்டு நிமிடம் பாடிவிட்டுச் சாகிறாள்.

அந்தக் கடைசிப் பாட்டை நீ எழுத வேண்டும். இரண்டு பேரிடம் எழுதி வாங்கிப் பார்த்துவிட்டேன். இருவருமே நிலாவில் ஆரம்பித்து மழையில் முடிக்கிறார்கள்.

பதில் போடு.

ஹம்ஸா


கூத்தாநல்லூர்
13.1.2025

ஹம்சத்வனி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி. நானும் நலம். அவர் குவைத்தில் நலம். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் எடுக்கிறேன். அதற்கு மேல் நேரமில்லை. பாட்டெழுதுகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளவும்.

என்ன தப்பு என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியவில்லை என்பதே பெரிய தப்பு. இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

போனை எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் அழகாகப் பேசிச் சமாளித்துவிடுவீர்கள்.

இத்தோடு முடித்து உறையை ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். ஒரு சந்தேகம், நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. குரல் போனதால்தானே அவனைக் கூப்பிட முடியவில்லை? குரல் போனவள் எப்படிப் பன்னிரண்டு நிமிடம் பாடுகிறாள்? பன்னிரண்டு நிமிடம் பாடத் தெம்பு இருக்கிறவள் "ஏய், நில்லு" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே! இதையா நூற்றைம்பது வருடமாக டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்? என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

தஹ்மீனா


சென்னை
20.1.2025

அன்புள்ள தஹ்மி,

உன் "நீங்கள்" நன்றாக வலித்தது. அதற்காகத்தான் போட்டிருப்பாய்.

சந்தேகத்துக்கு வருகிறேன். முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் இதேதான் தோன்றியது. மெலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் ராஜா கோபப்பட்டாலும் பாட்டாகத்தானே கோபப்படுகிறார்? அந்த வழக்கம்தான் இங்கேயும் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். ஐந்தாறு முறை கேட்ட பிறகுதான் வேறொன்று புரிந்தது. அந்தப் பாட்டு அவனுக்குக் கேட்பதில்லை, தஹ்மி. அந்த ஊரில் யாருக்குமே கேட்பதில்லை. பார்க்க வந்த நமக்கு மட்டும்தான் கேட்கிறது. கூப்பிட முடியாமல் உள்ளேயே நின்றுபோனதெல்லாம் பன்னிரண்டு நிமிடமாக வெளியே வருகிறது. நமக்குக் கேட்டு என்ன பயன்? கீழே இறங்கி ஓடிப்போய் அவனை நிறுத்த நம்மால் முடியாது. அந்தக் கையாலாகாத கோபம்தான் இந்த ஓப்பரா.

யூட்யூபில் எந்த எழுத்துகளைப் போட்டுத் தேட வேண்டும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கடைசிப் பாட்டை மட்டும் கேள். அர்த்தம் தெரிய வேண்டாம்.

படத்தில் ஒரெல்லா நிலோஃபர் ஆகிறாள். கப்பல்காரன் ஜாஹித், குவைத்துக்குப் போனவன். பெரியகடைத் தெருவில் பழைய மாடி வீடு ஒன்று பார்க்க வேண்டும், ஜன்னல் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். அவன் கீழே நிற்கிறான், திரும்பிப் போகிறான், அவள் தனியாகச் சாகிறாள். உங்கள் ஊர்க்காரி நீ. இது பொருந்துமா, சொல்.

ஹம்ஸா


கூத்தாநல்லூர்
29.1.2025

ஹம்சத்வனி,

கேட்டேன். அறுவடை மிஷின் பின்பக்க வயலில் கத்திக்கொண்டிருந்தது. பாத்திரம் துலக்கியபடி போனைக் குழாய் மேல் சாய்த்து வைத்துவிட்டு, இந்தம்மா எவ்வளவு நேரம்தான் இழுக்கிறாள் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். நாலாவது நிமிடத்தில் கை தானாக நின்றுவிட்டது. அவள் குரல் மேலே போய், அங்கேயே நின்று, இறங்குவதற்குள் நான் பதறிவிட்டேன். மிஷின் ஓய்ந்த பிறகு மறுபடி இரண்டு தடவை கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. எனக்கு ஏன் அழுகை வந்தது என்று யாராவது விளக்கினால் தேவலை.

ஆனால் உன் கதை எங்கள் ஊரில் செல்லாது. இதோ காரணங்கள்.

ஜாஹித் பஸ்ஸை விட்டு இறங்கின உடனேயே டீக்கடையில் கேட்பார்கள்: "என்ன மாப்ள, எப்ப வந்தீங்க? தாடியெல்லாம் வச்சுட்டீங்க?" அவன் தெரு திரும்புவதற்குள் நிலோஃபர் வீட்டுக்கு மூன்று பேர் சேதி சொல்லியிருப்பார்கள். ஜன்னலுக்குக் கீழே அவன் ஒரு நிமிடம் நின்றால் போதும், எங்கள் எதிர்வீட்டு சஃபியா மாமி மாதிரி ஒருத்தர் தலையை நீட்டுவார். "என்ன தம்பி அங்கயே நிக்கிறீங்க? அவளுக்கு தொண்டை சரியில்ல, பேச்சு வராது. நீங்க மேல போங்க, நான் டீ போட்டுக் கொண்டாரேன்." முடிந்தது உன் ஓப்பரா.

அவளைத் தனியாகச் சாகவும் விட மாட்டார்கள். மூச்சு இழுக்கிறது என்று தெரிந்தால் தெருவே வந்து யாசீன் ஓத உட்கார்ந்துவிடும். ஒருத்தி ஜம்ஜம் தண்ணீரை உதட்டில் விடுவாள், ஒருத்தி காலைப் பிடித்துவிடுவாள், இன்னொருத்தி திருவாரூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டு அடுப்படியில் கஞ்சி வைப்பாள். பன்னிரண்டு நிமிடம் பாட இடம் எங்கே இருக்கிறது?

இங்கே ஒருத்தி தனியாக இருப்பதற்கு வழியே இல்லை. அதற்கு வழி கண்டுபிடித்தால் எழுது. நான் பாட்டெழுதச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தஹ்மீனா


சென்னை
5.2.2025

தஹ்மி,

"நீ" என்று எழுதிவிட்டாய். கவனிக்காமல் எழுதியிருப்பாய், இருந்தாலும் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

உன் டீக்கடையும் சஃபியா மாமியும் என் திரைக்கதையைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்று வழி யோசித்தேன்.

ஒன்று: குத்தாலம் பக்கம், எங்கள் பழைய நிலம் இருந்த இடத்தில், வயல் நடுவில் ஒற்றை வீடு. பக்கத்தில் யாரும் கிடையாது.

இரண்டு: ஐப்பசி மழை. ஆற்றில் தண்ணீர் மீறிப் பாதை அறுந்துபோகிறது. யாரும் அவள் வீட்டுக்கு வர முடியவில்லை.

மூன்று: கொரோனா. கதவைச் சாத்திவிட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கப் போகாத காலம். அரவிந்தனுக்கு இது பிடித்திருக்கிறது. எனக்கும் இதுதான் சரி என்று படுகிறது. ஜாஹித் வாசல் வரை வந்து, சீல் வைத்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான்.

சொல். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

ஹம்ஸா


கூத்தாநல்லூர்
13.2.2025

ஹம்சத்வனி,

உனக்கு ஊர் மறந்துவிட்டது. வயல் நடுவில் எவன் வீடு கட்டுவான்? மோட்டார் கொட்டகைதான் இருக்கும். நிலோஃபர் பம்புசெட் பக்கத்தில் உட்கார்ந்து பாடிச் சாகட்டும் என்கிறாயா? மழை வந்தால் இங்கே ஆள் கூடத்தான் செய்வார்கள். வெள்ளத்தில் பள்ளிவாசல் மாடியில் நானூறு பேர் இருந்தோம், தெரியாதா?

கொரோனா பொருந்தும்தான். ஆனால் வேண்டாம். கொரோனாவில் சாகடித்தால் பழி கொரோனாவுக்குப் போய்விடும். இவர்கள் இரண்டு பேரும் தப்பித்துவிடுவார்கள். அந்த இத்தாலிக்காரன் அப்படித் தப்ப விடவில்லையே. பாடினால் வருவேன் என்று அவன்தான் நிபந்தனை போட்டான். சரி என்று ஒத்துக்கொண்டவள் அவள்தான். வந்தவன் ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாம். ஜன்னலிலிருந்து அவளும் ஒரு செம்பைத் தூக்கி எறிந்திருக்கலாம். இரண்டு பேரும் வைத்த நியமத்தைக் காப்பாற்றினார்கள். அதனால்தான் நெஞ்சு அடைக்கிறது.

ஒருத்தி தனியாக இருக்க இங்கே வழி இல்லை என்று எழுதினேன். பொய். வழி உண்டு. எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நீ வயலிலும் வெள்ளத்திலும் தேடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது, அதனால் சொல்கிறேன்.

அம்மா மௌத்தானபோது வாசலில் அறுபது ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே உட்கார இடமில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள் எல்லாம் கூட்டம்தான். நான் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை எல்லோரோடும் விட மாட்டாய். குழாயடி ஓரமாகத் தனியே கழற்றிவிட்டுக் கால் அலம்பிக்கொண்டு வருவாய். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே யார் செருப்பும் இல்லை.

உன் அப்பா தவறியபோது நான் மறுநாளே குத்தாலம் வந்தேன். பத்தாம் நாளும் வந்தேன். பதிமூன்றாம் நாள் சுபத்துக்கும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டேன். அன்றைக்கு உங்கள் சொந்தத்தில் அந்த விஜயம் மாமிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்களவா பதிமூணு வரைக்கும் எப்ப வேணா வந்து துக்கம் கேப்பா. அதுக்கப்புறம் கேக்கப்படாது. நீ மூணு தரம் வந்துட்டே." அதனால் எனக்குக் கணக்குத் தெரியும். ஹம்ஸாவுக்குப் பதிமூன்றாம் நாள் வரை நேரம் இருக்கிறது, வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அம்மா உனக்கென்றே கவிச்சி படாமல் தனியாக ஒரு சட்டி வைத்திருந்தார்களே, எலும்பு போடாத கத்தரிக்காய் தால்ச்சா வைக்கிற சட்டி, அதைத் துலக்கி அடுப்பு மேடையில் வைத்திருந்தேன்.

நீ அனுப்பியது ஒரே ஒரு மெசேஜ். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்." மௌத்துக்கு எல்லாரும் சொல்கிற அதே வாசகத்தை எனக்கு நூற்றுக்கணக்கான பேர் அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பலாம். மூன்று வருடம் லீவுக்கு லீவு வந்து என் அம்மா கையால் சாப்பிட்ட நீ அதை அனுப்பலாமா? "ஐயோ தஹ்மி" என்று இரண்டு வார்த்தை தமிழில் எழுத உனக்குக் கை வரவில்லையா?

பதிமூன்றாம் நாள் சாயங்காலம் மஃரிப் பாங்கு சொன்ன பிறகு சட்டியைப் பரணில் தூக்கிப் போட்டேன். வீடு நிறைய ஆள் இருந்தார்கள், ஹம்ஸா. நான் தனியாக இருந்தேன். கூத்தாநல்லூரில் ஒருத்தி தனியாக இருப்பது இப்படித்தான். எழுதிக்கொள்.

தஹ்மீனா


சென்னை
18.2.2025

தஹ்மி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எடிட்டிங் ரூமைப் பூட்டிக்கொண்டு அழுதேன். சமாளிக்கப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

அப்போது இமாசலத்தில் ஒரு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. கீழே இறங்கியபோது நாலாவது நாள். ஹாஸ்டல் குரூப்பில் பார்த்தேன். அங்கிருந்தே ஓடிவந்தேன். டெல்லி, சென்னை, ராத்திரி ரயில், ஐந்தாம் நாள் காலை திருவாரூர்.

ஆமாம். திருவாரூர் ஸ்டேஷனில் இறங்கினேன். உன் வீட்டுக்கு அரை மணி நேரப் பயணம். போகுமுன் முறை தெரிந்துகொள்ளலாம் என்று என் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஹம்தானுக்குப் போன் செய்தேன். உங்களில் எப்படி உட்கார வேண்டும், என்ன சொல்ல வேண்டும், ஒன்றும் தெரியாதே எனக்கு. அவன் சொன்னான்: "எங்கள்ல துக்கம் மூணு நாள்தாங்க. அதுக்கப்புறம் போய் விசாரிச்சா ஆறினதக் கிளறின மாதிரி. முறை இல்ல. ஒரு துஆ மட்டும் அனுப்பிடுங்க." அந்த வாசகத்தையும் அவன்தான் எழுதிக் கொடுத்தான். தப்பில்லாமல் இருக்க வேண்டுமே என்று எழுத்து எழுத்தாகப் பார்த்து அனுப்பினேன்.

பிளாட்பாரத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வீட்டில், உன் துக்கத்தில், என் இஷ்டத்துக்கு நுழைந்து உங்கள் முறையைக் கெடுக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். மத்தியான ரயிலில் திரும்பிவிட்டேன். பிறகு நீ போனை எடுக்காதபோது, அம்மாவைப் பற்றிப் பேச உனக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று நினைத்தேன். அப்புறம் எதற்கோ கோபம் என்று புரிந்தது. இதற்கென்று தெரியவில்லை. நான் சரியாக நடந்துகொண்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

உங்கள் மூன்று நாளை நான் காப்பாற்றினேன். எங்கள் பதிமூன்று நாளை நீ காப்பாற்றினாய். அவரவர் வழக்கப்படி நடந்திருந்தால்கூட நீ திட்ட, நான் அழ, அன்றைக்கே முடிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஓப்பராவை நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று அரவிந்தன் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற அந்த ஆளை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? இப்போது தெரிகிறது.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று, தஹ்மி? கடைசியில் வலித்ததா? அதைக்கூட நான் கேட்கவில்லையே.

ஹம்ஸா


கூத்தாநல்லூர்
24.2.2025

ஹம்ஸா,

திருவாரூர் வரைக்கும் வந்தாயா! பாவி. பாவி. அந்த ஹம்தான் எந்த ஊர்? ஏழாம் நாள் பாத்திஹா ஓதும்போது எங்கள் தெருவில் பாதிப்பேர் புதிதாக வந்து அழுதார்கள், ஒருத்தரும் மூன்று நாள் கணக்குப் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருப்பதை அவன் சொன்னான், அவன் மேல் தப்பில்லை. நீதான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். சரி, நானும்தான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். "ஏன்டி வரல?" என்று ஒரு போன். அதற்குள் எனக்கு என்ன ரோஷம்!

நீ கேட்டதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். நேரில் கேள்.

அடுத்த ஞாயிறு நோன்பு ஆரம்பிக்கும் என்கிறார்கள், பிறை பார்க்க வேண்டும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. துக்கம் கேட்க ஞாயிறு ஆகுமா ஆகாதா என்று விஜயம் மாமியிடம் விசாரிக்காதே. நோன்புக் காலத்தில் வரலாமா என்று ஹம்தானிடமும் விசாரிக்காதே. பஸ் ஏறு.

தஹ்மி


சென்னை
12.3.2025

அன்புள்ள தஹ்மி,

ஊர் வந்து சேர்ந்தேன். கண் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. "டெல்டால என்ன, டஸ்ட் அலர்ஜியா?" என்கிறார் அரவிந்தன்.

நோன்புக் கஞ்சியைக் கறி போடாமல் அந்தச் சட்டியில் காய்ச்சி நீ இறக்கி வைத்தபோது நான் பேச வந்தது எல்லாம் மறந்துபோயிற்று. நீ பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, பாங்கு சொன்னதும் முதலில் எனக்கு ஊற்றினாய். அம்மா கடைசி நாள் காலையில் "ஹம்ஸா படம் டீவியில போடுறாங்களா பாரு" என்று கேட்டதைச் சொன்னாயே, ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சரி, படம். எல்லாவற்றையும் கலைத்துவிட்டேன். ஜாஹித் கிடையாது. கப்பல்காரன் இடத்தில் வானதி, குத்தாலத்துப் பெண், குவைத்தில் நர்ஸ். நிலோஃபரின் தோழி. நிலோஃபருக்கு அவள் அம்மா மட்டும்தான். அம்மா போகிறார். வானதி ஐந்தாம் நாள் தெருமுனை வரை வந்து, நிலோஃபரின் வழக்கத்தை மதித்துத் திரும்பிப் போகிறாள். நிலோஃபர் வானதியின் வழக்கத்தை நம்பிப் பதிமூன்றாம் நாள் வரை காத்திருக்கிறாள். வீடு நிறைய ஆள், யாசீன் ஓதுகிற சத்தம், அதற்கு நடுவே யாருக்கும் கேட்காத அந்தப் பாட்டு. "காதல் எங்கேம்மா?" என்று அரவிந்தன் கேட்டார். இதுதான் சார் என்றேன். ஹீரோ தேட வேண்டாம், அது ஒரு வகையில் நிம்மதி என்றார்.

ஒன்றே ஒன்று உன்னைக் கேட்க வேண்டும். முடிவை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். நிலோஃபர் சாக வேண்டாம். இரண்டு வருடம் கழித்து வானதி வரட்டும், குழாயடியில் செருப்பைக் கழற்றட்டும், சட்டி பரணிலிருந்து இறங்கட்டும். நமக்கு நடந்ததே, அதைக் காட்டினால் என்ன? அவளைச் சாகடிக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. ஓப்பராக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பாட்டையும் அதற்குத் தகுந்தபடி எழுதிவிடு. இருபத்தெட்டாம் தேதிக்குள் வேண்டும்.

ஹம்ஸா


கூத்தாநல்லூர்
20.3.2025

ஹம்ஸா,

பாட்டு இத்துடன் இருக்கிறது. ஏழு பக்கம். பன்னிரண்டு நிமிடம் வரும், வாய்விட்டுப் படித்து மணி பார்த்தேன். இப்படி ஆரம்பிக்கிறது:

வாசல் செருப்பெல்லாம் எண்ணி முடித்தேன்
வந்தவர் எல்லாம் வந்துவிட்டார்
குழாயடி ஓரம் ஈரம் காயாமல்
ஒருத்தி காலுக்கு வைத்திருக்கிறேன்

முடிவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். எனக்கும் அவள் மேல் பாசம் வந்துவிட்டது. சாக வேண்டாம் என்றே பாட்டின் கடைசிப் பக்கத்தை முதலில் எழுதினேன். வானதி வருகிறாள், இரண்டு பேரும் அழுகிறார்கள், கஞ்சி குடிக்கிறார்கள். நன்றாகத்தான் வந்திருந்தது.

முந்தாநாள் சஃபியா மாமி வந்தார். அவரைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊரில் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறவர், பொதக்குடியில் இருக்கிற சொந்தத் தங்கச்சி வீட்டு வாசலைப் பதினோரு வருடமாக மிதிக்கவில்லை. ஏதோ கல்யாணத்தில் பத்திரிகை வைத்த முறை சரியில்லையாம். பஸ்ஸில் பதினைந்து நிமிடம்.

அவருக்குப் பாட்டைப் படித்துக் காட்டினேன். நல்ல முடிவோடுதான் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், கடைசில வந்து சேந்துட்டாளே. எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கும்மா, தானா வரும்" என்று சொல்லிவிட்டு, கொத்துமல்லிக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். வானதி வரவில்லை. குழாயடி காய்ந்துவிட்டது. நிலோஃபர் போய்விட்டாள். நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலிலிருந்து மறுபடியும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை மாமி அழவில்லை. "அவ ஒரு எட்டு வந்திருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். யாரிடம் கேட்டாரோ தெரியாது. நோன்பு திறக்கிறவரைகூட இருக்காமல் எழுந்து போய்விட்டார்.

இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஸ்டாப்பில் மாமி நின்றிருந்தார். கையில் தூக்குச்சட்டி. "எங்க மாமி, இந்த வெயில்ல, நோன்பு வச்சுக்கிட்டு?" என்றேன்.

"பொதக்குடிக்கு" என்றார்.

ஆகவே நிலோஃபர் சாகட்டும், ஹம்ஸா. பன்னிரண்டு நிமிடம் பாடிவிட்டே சாகட்டும். ஒரு நொடி குறைக்காதே.

தஹ்மி